குடை சுமந்த கோபம்

"70 சதவீதம் மழைன்னு போட்டிருந்தான். குடையைத் தூக்கிட்டு அலைஞ்சதுதான் மிச்சம்." நேற்று சாயங்காலம் நண்பன் அனுப்பிய செய்தி. கூடவே அந்தக் கணிப்பின் படமும், தலையில் அடித்துக்கொள்ளும் பொம்மையும்.

சரி, அந்த மீதி 30 எங்கே போனது? இதே மாதிரி பத்து நாள் வந்தால் ஏழு நாள் நனைவாய், மூன்று நாள் சும்மா குடை சுமப்பாய் என்பதுதான் அந்த எண். நேற்று அந்த மூன்றில் ஒன்று. சொல்லப்போனால், 70 என்று சொன்ன ஒவ்வொரு நாளும் மழை கொட்டினால்தான் கணித்தவர் மேல் சந்தேகம் வர வேண்டும்.

நேற்று நானும் மழை மேகத்தை நிறத்தில் காட்டும் ரேடார் படத்தை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். முதலில் கடுகளவு பச்சை. கொஞ்ச நேரத்தில் நடுவில் மஞ்சள், பிறகு சிவப்பு. இதோ வந்துவிட்டது என்று ஜன்னலைச் சாத்தினேன். முக்கால் மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிட்டது. தனியாக எழும் கோடை இடிமேகத்தின் ஆயுளே பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். அது சாகும்போது குளிர்ந்த காற்று கீழே இறங்கி, தரையில் கவிழ்த்த வாளித் தண்ணீர் போல நாலாபக்கமும் ஓடுகிறது. ஓடுகிற வழியில் சூடான ஈரக்காற்றை மேலே நெம்பி, பக்கத்திலேயே இன்னொரு மேகத்தைப் பெற்றுப் போடுகிறது. எந்தப் பக்கத்தில் என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய வானிலை மையத்தின் உலக மாதிரி, அதாவது வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல், பூமியை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒற்றை இடிமேகமும் கிட்டத்தட்ட அவ்வளவு அகலம்தான். வலையின் கண்ணும் மீனும் ஒரே அளவு, எப்படிச் சிக்கும்? அதனால்தான் 1992லிருந்து ஒரே வானிலையைத் தொடக்கத்தில் லேசாக மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். 50 ஓட்டத்தில் 35ல் மழை வந்தால், ஏறக்குறைய 70 சதவீதம். நண்பன் திட்டுகிற எண் பிறக்கிற இடம் இதுதான்.

மழை பெய்யாத அன்று இவ்வளவு சத்தம் போடுகிறோமே, கணிப்பு பலித்த அன்று என்ன செய்தோம்? என் ஆதங்கமெல்லாம் இதில்தான்.

2021 ஜூலை, ஜெர்மனியின் ஆர் நதிப் பள்ளத்தாக்கு. ஐரோப்பிய வெள்ள எச்சரிக்கை அமைப்பு நாலு நாள் முன்னாலேயே அந்த வட்டாரத்துக்கு அபாயக் கொடி காட்டிவிட்டது. சில இடங்களில் 200 மில்லிமீட்டர் வரை பெய்யலாம் என்று அந்நாட்டு வானிலைத் துறையும் சொன்னது. 14ஆம் தேதி பெய்தது. ஆல்டனார் என்ற ஊரில் நதியின் அதுவரையிலான உச்சம் 3.71 மீட்டர். அன்று இரவு ஒன்பது மணிக்கு முன்பே 5 மீட்டரையும் தாண்டி, அளக்கும் கருவியையே ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. கீழே, ஆறு ரைனில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சின்ஸிக். அங்கே வெள்ளம் வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. கையில் மணிக்கணக்கில் நேரம் இருந்தது. ஆனாலும் மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றின் தரைத்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 12 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்க 130க்கு மேல்.

200 மில்லிமீட்டர் என்றால் படுக்கையில் இருப்பவருக்கு என்ன புரியும்? ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தாலே 10 கோடி லிட்டர் தண்ணீர். அது ஒரு நாள் முழுக்கப் பெய்கிறதா, இரண்டு மணி நேரத்தில் பெய்கிறதா, விழுகிற இடம் மணலா, செங்குத்தான சரிவா? "உங்கள் தெருவில் இடுப்பளவு வரும், இருட்டுவதற்குள் மாடிக்குப் போங்கள்" என்று சொல்ல ஆள் வேண்டும். மழையைக் கணிப்பதில் வளர்ந்த அளவுக்கு இதில் நாம் வளரவில்லை என்பது என் எண்ணம்.

வெயில் கதை இன்னும் மோசம். இடிமேகம் போல அது கண்ணாமூச்சி ஆடுவதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு காற்றின் உயர் அழுத்தம் குந்திக்கொண்டால் பல நாள் முன்னாலேயே மாதிரிகளில் தெரிந்துவிடும். 2021 ஜூனில் கனடாவின் லிட்டன் 49.6 டிகிரியைத் தொட்ட அந்த அனலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். தெரிந்தும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் 619 பேர் வெப்பத்தால் இறந்ததாகப் பிறகு விசாரணையில் வந்தது. வெயிலில் சுற்றியவர்கள் என்றுதானே நினைப்போம்? ஏறக்குறைய எல்லோருமே வீட்டுக்குள் இறந்தவர்கள். பாதிக்கு மேல் தனியாக வாழ்ந்தவர்கள். வெள்ளமாவது ஓசையோடு வரும்.

பகல் உச்சத்தைத்தான் எல்லோரும் படம் பிடித்துப் போடுகிறார்கள். நான் இப்போதெல்லாம் முதலில் பார்ப்பது ராத்திரி வெப்பக் கணக்கை. பகலெல்லாம் அடித்துக்கொண்ட இதயம் ஓய்வெடுப்பது ராத்திரியில்தான். அப்போதும் சூடு இறங்காமல், காற்றில் ஈரமும் மிகுந்து வியர்வை காயாமல் போனால், மூன்றாம் நாள் நான்காம் நாள் வயதானவர்கள் உடம்பு தாங்காது.

நண்பனுக்கு இதையெல்லாம் எழுதவில்லை. அவன் அனுப்பிய படத்திலேயே, குடைக்குக் கீழே, அடுத்த நாலு இரவுகளின் வெப்ப எண்கள் வரிசையாக இருந்தன: 29, 30, 30, 31. அவன் அம்மா மேல்மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த வரியை மட்டும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.