எரிஞ்சது அங்கயாம், அழுவுதது இங்கயாம்

ஞாயித்துக்கிழமை கன்னு நடுத விழாவுல எடுத்த வீடியோ எல்லா குரூப்லயும் சுத்திட்டு கெடக்கு, அதனால மறுபடி வெளக்கல. அமெரிக்காவுல பழங்காடு அழியுததப் பத்தி நான் பேசிட்டு இருக்கும்போதே மைக்க வாங்கி "எரிஞ்சது அமெரிக்காவுல, அழுவுதது குலசேகரத்துல"ன்னு அந்த பெரிய மனுசன் அடிச்ச ஜோக்குக்கு கூட்டமே சிரிச்சுது. சிரிங்க. அடுத்தாப்புல சொன்னாரு பாருங்க, "ஒரு மரம் போனா பத்து கன்னு நட்டா போச்சு"ன்னு, அதுதான் எனக்கு பொறுக்கல. அதுக்கு கைதட்டு வேற.

ஓய், நான் கன்னு வித்து சோறு திங்கிறவன். ஒண்ணுக்கு பத்து நட்டா லாபம் எனக்குத்தான். அப்பிடிப்பட்ட நானே சொல்லுதேன், பழங்காட்டுக்கு கன்னு ஈடு கெடையாது. பாட்டா செத்த வீட்டுல பத்து பச்சப்பிள்ளைய கொண்டு விட்டுட்டு கணக்கு சரியாப்போச்சுன்னு சொல்லுவேளா?

நான் பேச வந்தது செக்கோயா மரத்தப் பத்தி. கலிபோர்னியாவுல சியரா நெவாடா மலையோட மேற்குச் சரிவுல மட்டும்தான் அது காடா நிக்குது. மூவாயிரம் வருசம் தாண்டின மரமெல்லாம் உண்டு. பட்டையே ரெண்டடி கனம் வரும், லேசான தீ அத ஒண்ணும் பண்ணாது, சொல்லப்போனா அந்த சூட்டுலதான் காய் விரிஞ்சு வெத கொட்டும். தீயோட பழகின மரம் அது. அந்த மரம் 2020லயும் 2021லயும் வந்த தீயில மட்டும், உலகத்துல உள்ள பெரிய செக்கோயாவுல 13லேருந்து 19 சதவீதம் வரைக்கும் செத்துப்போச்சுன்னு அந்த நாட்டு பூங்காத் துறையே சொல்லுது. ஜெனரல் ஷெர்மன்னு பேரு வச்ச மரத்துக்கு அடியில அலுமினிய தாள் சுத்தி காவல் காத்தாங்க. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல தானா நின்ன மரத்துக்கு இப்ப மனுசன் தாள் சுத்துத நெலமை.

"காட்டுத்தீ எப்பவும் உள்ளதுதானே"ன்னு ஒருத்தர் கமென்ட். உள்ளதுதான். நூறு வருசமா சின்ன தீயெல்லாம் அணைச்சு அணைச்சு அடியில சருகும் சுள்ளியும் சேத்து வச்சது அவங்க தப்பு, அதையும் நான் மறைக்கல. ஆனா 2012லேருந்து 2016 வரைக்கும் அடிச்ச வறட்சியும் வெயிலும் சேந்து கலிபோர்னியாவுல பத்து கோடி மரத்துக்கு மேல கொன்னுச்சே, அதுக்கு யாரு சுள்ளி போட்டா?

சரி, தீயே வேண்டாம், விடுங்க. அமெரிக்காவோட மேற்குப் பக்கத்து பழங்காட்டுல, தீ படாத, வெட்டுப்படாத இடமா பாத்து, ஆராய்ச்சிக்காரங்க பல வருசமா ஒவ்வொரு மரமா எண்ணிட்டு வந்தாங்க. 2009ல அந்த முடிவு வந்துது. மரம் சாவுத வேகம் 17லேருந்து 29 வருசத்துக்குள்ள ரெட்டிப்பாயிருக்கு. சின்னது பெருசு, எல்லா சாதி மரமும். சூடு கூடினதும் தண்ணி பத்தாததும்தான் காரணமா இருக்கும்னு எழுதியிருக்காங்க. அதுலயும் முக்கியமானது என்னன்னா, சாவுக்கு ஏத்த மாதிரி புதுக்கன்னு கூடி வரல. புரியுதா அண்ணாச்சி, காடே நடல, நீங்க நடுதீங்களாம்.

அலாஸ்காவுல மஞ்சள் சிடார் கதை இன்னும் கொடுமை. வேரு மேலாப்புலயே ஓடுத மரம். பனி மூடிக்கெடந்தா குளிரு வேருக்கு எட்டாது. இப்ப சூடு கூடி பனி கொறஞ்சுபோச்சு, நடுவுல திடீர்னு ஒரு குளிரு அடிச்சா வேரு உறைஞ்சு மரம் பட்டுப்போவுது. சூடு கூடினதால மரம் குளிர்ல சாவுது.

"அங்கயும் கன்னு நடத்தானே செய்யுதாங்க"ன்னு கேக்கலாம். செய்யுதாங்க, மோசமா எரிஞ்ச சில செக்கோயா தோப்புல நாத்து மொளைக்கலன்னு. தோப்பே இல்லாம போயிரக்கூடாதுன்னு நடுதாங்க, பழசுக்கு ஈடுன்னு ஒருத்தனும் மேடையில சொல்லல. பெருசாக ஆகத்தான் மரம் வருசா வருசம் கூடுதலா காத்துல உள்ள கார்பன இழுத்து வைக்கும்னு 403 வகை மரத்த வச்சு 2014ல எழுதியும் வச்சாச்சு.

"ரப்பரும் மரந்தானே"? ஏழு வருசத்துல பால் வெட்டு, முப்பது வருசத்துக்குள்ள தடிக்கு வித்துருவோம். அது வெள்ளாமை. "நீ ஏசி போடலியா"? போட்டிருக்கேன். இப்ப என்னங்கிய?

கோவம் சிரிச்சவங்க மேலகூட இல்ல. கூடப் படிச்சவனே அந்த வீடியோவுக்கு சிரிப்பு எமோஜி போட்டான் பாருங்க, அவன் வீட்டு விளைக்கு ஒக்கி புயல் முடிஞ்சதும் கடனுக்கு கன்னு குடுத்தவன் நான். 2017 நவம்பர் 30 மறந்துபோச்சா மக்கா? ஒரே நாள்ல ரப்பரும் வாழையும் படுத்துக்கெடந்துது. எங்க வீட்டுப் பின்னால நின்ன அயனி, அப்பா பொறக்கதுக்கு முன்னாலேயே நின்னது, வேரோட சாஞ்சுது. வெல பேச வந்தவன் கதவு எத்தன வரும், உத்தரம் எத்தன வரும்னு அளந்தான். அப்பா மேல அண்ணாந்து பாத்துட்டு, இனி வவ்வாலெல்லாம் எங்க போவும்னு மட்டும் கேட்டாரு. அந்த வருசம் எனக்கு கன்னு யாவாரம் நல்லா ஓடுச்சு. அயனிக் கன்னும் அதே எடத்துல நட்டேன், இப்ப கூரை உயரம் நிக்குது. வவ்வால் வரல.

நம்ம மலையில கோதையாறுக்கு மேல நிக்குத காடும் நூத்துக்கணக்கான வருசத்து காடுதான். அதுக்கு ஒண்ணு ஆனாலும் இவரு மைக்க புடிச்சு பத்து கன்னுன்னுதான் சொல்லப்போறாரு, நீங்களும் கை தட்டத்தான் போறீங்க.

அடுத்த விழாவுக்கு கேட்ட கன்னு ரெடியா இருக்கு, வண்டி கொண்டு வந்து எடுத்துக்கிடுங்க. மேடைக்கு என்னய கூப்பிடாதீங்க. நடுத போட்டோவுல டேக் பண்ணாதீங்க, மே மாசம் தண்ணி ஊத்துத போட்டோ இருந்தா அனுப்புங்க. போன தடவ எடுத்த கன்னுக்கு பாக்கி இன்னும் வரல, அதையும் கையோட கொண்டு வாங்க.