அந்த ரின் கோபுரத்தைப் பற்றிக் கடைசியாக ஒருமுறை

சனிக்கிழமை நான் இட்ட படத்தின் கீழ் வந்த கருத்துகளை நேற்று இரவு ஒன்றுவிடாமல் வாசித்தேன். வாசிக்க வேண்டாம் என்று மகள் சொன்னாள். முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய பழக்கம், ஒரு வரியையும் தாண்டிப் போக மனம் வரவில்லை.

படத்தில் இருந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை எழுதியவர்களின் கருத்துகளை மட்டும் நீக்கியிருக்கிறேன். வாசலில் கால் வைத்ததும் கண்ணில் படும்படி, பலூன்களுக்கு நடுவே கோபுரமாக அடுக்கிய குழந்தைப் பால்மா ரின்கள். இரண்டு வாங்கினால் பால் போத்தல் ஒன்று இலவசம் என்ற அட்டை. இத்தனையும் ஆகஸ்ட் முதல் வாரத்தில். 1992ஆம் ஆண்டிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் என்று கொண்டாடுகிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைச் சுவரில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயின் படம் ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து அந்தக் கோபுரத்துக்கு நடந்தால் பத்து நிமிடம்.

நான் சொன்னதும் இப்போது சொல்வதும் ஒன்றுதான். பால்மா விற்பதை நான் எதிர்க்கவில்லை. அதைக் கடையில் வைத்து ஆசை காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். இந்த இரண்டு வசனங்களுக்கும் உள்ள வித்தியாசம் நாற்பதுக்கும் மேற்பட்ட கருத்தாளர்களுக்குப் புரியவில்லை என்றால், முப்பது ஆண்டுகள் நான் தமிழ் படிப்பித்த இலட்சணத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

இது என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பும் அல்ல. 1981 மே 21ஆம் திகதி உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்குப் பதிலீடாக விற்கப்படும் பொருட்களின் சந்தைப்படுத்தல் பற்றிய சர்வதேசக் கோவையை, அதாவது விதித் தொகுப்பை, நிறைவேற்றியது. ஆதரித்த நாடுகள் 118, எதிர்த்தது அமெரிக்கா மட்டும். வறிய நாடுகளில் தாதியரைப் போல உடுத்திய விற்பனைப் பெண்கள் பிரசவ விடுதிகள்வரை ரின்னைக் கொண்டு சென்றதும், அதை எதிர்த்து 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியதும் அதற்கு முந்திய கதை. (இலங்கையில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு சொல்லும் தொலைபேசி எண்ணும் 1977தான். தற்செயல், ஆனாலும் நினைவில் வைத்திருக்க வசதியானது.) அந்தக் கோவையின் ஐந்தாம் உறுப்புரை கடைகளுக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது: விற்பனை செய்யும் இடத்தில் விளம்பரம் கூடாது, மாதிரிப் பொதி கூடாது, சிறப்பு அடுக்கு கூடாது, விலைக்கழிவுச் சீட்டு கூடாது, இலவச இணைப்பு கூடாது. இலங்கை 1983இலேயே தனக்கென ஒரு கோவையை ஆக்கிக்கொண்டது. 2002இல் அதைத் திருத்தி விரிவாக்கியது. ஆகவே, "இந்த ரீச்சர் புதிதாக ஒரு சட்டம் கொண்டு வருகிறார்" என்று சிரித்த தம்பிக்கு: நீங்கள் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது, ராசா.

அந்தக் கோவைகள் எதுவும் ரின்னை விற்காதே என்று சொல்லவில்லை என்பதையும் மறுபடி சொல்கிறேன். தட்டில் வைக்கலாம், விலையை ஒட்டலாம், கேட்பவருக்குக் கொடுக்கலாம். பால்மா உண்மையில் தேவைப்படும் தாய், அது கடையின் கடைசி மூலையில் இருந்தாலும் தேடிப் போய் எடுப்பாள். கோபுரம் அவளுக்காகக் கட்டப்படுவதில்லை. நான் படம் எடுத்தபோது கையில் கிளினிக் அட்டையோடு ஒரு கர்ப்பிணிப் பிள்ளை, ஏழு மாதம் இருக்கும், அந்த இலவசப் போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபுரம் அவளுக்காகத்தான்.

பாலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளை எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவு சுரக்கும். ஒரு நேரத்துக்குப் போத்தலைக் கொடுத்தால் அந்த நேரத்து உறிஞ்சல் இல்லாமல் போகும். உறிஞ்சல் குறையச் சுரப்பும் குறையும். அதைக் கண்டு பயந்து அடுத்த போத்தல் வரும். சில வாரங்களில் "எனக்குப் பால் காணாது" என்ற பயம் உண்மையாகவே ஆகிவிடும். இலவசமாகக் கிடைக்கும் முதல் ரின்னுக்கு இருக்கும் வேலை அந்தச் சில வாரங்களைக் கடத்துவதுதான். அதற்குப் பிறகு இலவசம் தேவையில்லை. நாமே போய் வரிசையில் நிற்போம். 2022இல் பால்மாவுக்கு நின்றோமே, அதுபோல.

இனி, என்னைக் கேட்டவர்களுக்கு.

"பால் சுரக்காத தாய் என்ன செய்வாள்? தாயில்லாப் பிள்ளை என்ன செய்யும்?" அவர்களுக்குப் பால்மா வேண்டும். அவர்களுக்கு அதை வீடு தேடி வரும் குடும்ப நல உத்தியோகத்தரோ மருத்துவரோ சொல்லட்டும், கொதித்தாறிய நீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போதே மாவைக் கலக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். மா கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல, அதனால்தான் அந்தச் சூடு. கோபுரத்தின் அருகில் நின்று புன்னகைத்த பெண் பிள்ளை இதை யாருக்காவது சொன்னாளா? நான் கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. அவளில் பிழை இல்லை, நாட்சம்பளத்துக்கு நிற்கிறாள்.

"அது மூன்றாம் இலக்க ரின், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது, சட்டம் அதற்கு இல்லை." இதை எழுதியவர் அந்த வியாபாரத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன், அவ்வளவு சரளமாக வந்தது. அதே பெயர், அதே நிறம், அதே கரடிக்குட்டி; இலக்கம் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் இலக்கத்தைக் காட்டி, பிறந்த பிள்ளைக்கான ஒன்றாம் இலக்கத்தை விற்கும் இந்த வித்தை ஊரறிந்தது என்பதால்தான், மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் பால்களும் தாய்ப்பாலுக்குப் பதிலீடுகளே என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டல் வெளியிட்டது. அதுவும் போகட்டும். மூன்றாம் இலக்கத்தோடு கொடுத்த சூப்பிப் போத்தல் யாருக்கு? ஒரு வயதுப் பிள்ளை கோப்பையில் குடிக்கும் ஐயா.

"இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானவை தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கின்றன, பிறகென்ன பிரச்சினை?" 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின் அந்த இலக்கம் சரியானது, பெருமைப்படக்கூடியதும்தான். அது வானத்திலிருந்து விழவில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் ஈச்சிலம்பற்றிலும் வெயிலில் ஸ்கூட்டியில் அலைந்து, வீடு வீடாக ஏறி, பிள்ளையை மார்பில் எப்படிப் பொருத்துவது என்று காட்டிக்கொடுக்கும் பெண்களால் வந்தது. அவர்கள் ஆறு மாதம் செய்வதைக் கோபுரம் ஒரு சனிக்கிழமையில் கரைக்கப் பார்க்கிறது.

"வேலைக்குப் போகும் பெண்கள்?" பிரசவ விடுமுறை 84 நாள், தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வது ஆறு மாதம். இந்தக் கணக்கு இடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு விடுமுறையைக் கூட்டக் கேளுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன். பலூன் கட்டக் கேட்காதீர்கள்.

"விலைக்கழிவு கொடுத்தால் ஏழைத் தாய்க்குத்தானே நல்லது?" இதுதான் என்னை நேற்று நித்திரை கொள்ளவிடாமல் செய்த கேள்வி. ஏற்கெனவே ரின்னில் தங்கிவிட்ட பிள்ளையின் வீட்டில் விலை குறைவது நன்மைதான், அதை எப்படி மறுப்பேன்? ஆனால் அந்தக் கழிவு அவளைத் தேடி வருவதில்லை, அடுத்தவளைத் தேடி வருகிறது. கழிவு முடிந்த மாதத்தில் இருவரும் ஒரே விலையைக் கொடுப்பார்கள். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. விலை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு நிதானம் தவறிவிடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

என் மச்சாள் முறையான ஒருவர், "உங்கள் மூத்தவன் மாப்பாலில் வளர்ந்தவன்தானே, இப்போது ஏன் மற்றவர்களுக்கு உபதேசம்?" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டிருந்தார். எழுபத்தாறு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். அதில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். எண்ணிப் பார்த்திருக்கக் கூடாது, எண்ணினேன்.

மூத்தவன் பிறந்தது 1994இல். பால்சுறாப் புட்டும் முருங்கையிலைச் சுண்டலுமாக அம்மா பத்தியம் பார்த்தார். பால் இருந்தது. ஆனால் பொழுது பட்டால் அவன் அழுவான், இரண்டு மணித்தியாலம் விடாமல் அழுவான், வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "பிள்ளைக்குப் பால் காணாது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். முதல் மாதங்களில் பல பிள்ளைகள் பின்னேரத்தில் அப்படித்தான் அழும் என்று எனக்குச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தபின் முதன்முறையாக வெளியில் போனேன், ஒரு துணையோடு, கிறைப் வாட்டர் வாங்குவதற்காக நகரத்து மருந்துக்கடை ஒன்றுக்கு. அங்கே மேசையில் அழகான துவாய் விரித்து ரின் அடுக்கியிருந்தது. ஒரு ரின்னும் சிறிய போத்தலும் எனக்கு இலவசம் என்றார்கள். புதுத் தாய்மாருக்கு வாழ்த்தாம். எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது, ஒருவர் நம்மை நினைத்திருக்கிறாரே என்று. 1983இலிருந்து இந்த நாட்டில் அது கூடாத காரியம் என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் மாதம் மார்பு வற்றிவிட்டது. ஆசிரியச் சம்பளத்தில் நல்ல பங்கு ரின்னுக்குப் போனது. இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன்: மாதக் கடைசியில் நான்கு கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு மூன்று போட்டேன். சில நாள் இரண்டு. வெள்ளையாகத்தான் இருந்தது, அவனும் குடித்தான். ஐந்தாம் மாதம் வயிற்றோட்டம் வந்து, கண் குழிந்து, சேலைன் ஏற்றிக் கிடத்தியிருந்தபோது எத்தனை கரண்டி கலக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டார். நான் ரின்னில் எழுதியிருந்த அளவைச் சொன்னேன்.

"இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்" என்பார்கள். நன்றாகத்தான் இருக்கிறான், கடவுள் புண்ணியம். பொறியியலாளன், தகப்பனை விட உயரம். வீதியில் பார்க்காமல் ஓடித் தப்பிய பிள்ளையைக் காட்டி வாகனங்களுக்குப் பிரேக் தேவையில்லை என்று சொல்வது போன்ற வாதம் இது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் பாடசாலையில் முகாம் இருந்தபோது, எங்கோ இருந்து அன்பாக வந்த பெட்டிகளில் நம்மவர் எவருக்கும் வாசிக்கத் தெரியாத மொழிகளில் எழுதிய ரின்கள் இருந்தன. கொதிக்க வைக்க விறகில்லை, கழுவத் தண்ணீரில்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மாரும் கை நீட்டினார்கள், இலவசம் என்பதால். நான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். கையை உயர்த்தி வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. என் வீட்டு அலுமாரியில் மூத்தவனின் ரின்கள் அரிசிக்கும் பருப்புக்குமாக இன்னும் வரிசையாக இருந்தன.

ஆகவே எனக்குத் தகுதியில்லை என்று சொல்பவர்களோடு நான் வாதாடவில்லை. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் எட்டு நாடுகளில் 8,500 பெற்றோரையும் கர்ப்பிணிகளையும் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டன. பாதிக்கும் மேற்பட்டோர் இந்த விளம்பரங்களுக்கு இலக்கானவர்கள். இலங்கை அந்த எட்டில் இல்லை. கேட்டிருந்தால் நானும் ஒருத்தியாக இருந்திருப்பேன். ஒரு தாய் போத்தலைத் தூக்கினால் ஊரே அவளை விசாரிக்கிறது, மாமி விசாரிக்கிறார், மச்சாள் சிரிக்கும் முகம் போடுகிறார். போத்தலை ரின்னில் ஒட்டி வாசலில் வைத்தவரை விசாரித்தால் மட்டும் "வியாபாரத்தில் ஏன் மண் போடுகிறீர்கள்" என்கிறார்கள்.

இன்று காலை மறுபடியும் போனேன். கோபுரம் இல்லை. பலூனும் அட்டையும் இல்லை. ரின்கள் காசாளர் மேசைக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில், போத்தல் ஒட்டியபடியே இருக்கின்றன. "அட்டையைக் கழற்றிவிட்டோம் தானே ரீச்சர்" என்றார் பொறுப்பாளர் தம்பி, மரியாதையாகத்தான்.

மச்சாளின் கருத்தை நான் நீக்கவில்லை, நீக்கவும் மாட்டேன். கொடுத்தேன், உண்மைதான். அந்த முதல் ரின்னை எனக்கு யார் தந்தார்கள், எப்படித் தந்தார்கள் என்பது அவருக்கும் தெரியும். முப்பத்தோராம் நாள் மருந்துக்கடைக்கு என்னோடு துணைக்கு வந்தவர் அவர்தான்.