‘லேசா ரத்தம் கம்மி’

எங்க பெரியம்மா அரிசி புடைக்க உட்கார்ந்தாங்கன்னா முறத்துல இருந்து ரெண்டு வாய் அரிசி உள்ள போயிரும். "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்"னு ஆச்சி திட்டுவாங்களாம். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் பழக்கம் போகல. வீட்டுல எல்லாருக்கும் அது ஒரு சிரிப்பு. எனக்கும்தான்.

போன வருஷம் கால் ரெண்டும் வீங்கிருச்சு. கணுக்கால்ல விரலை வச்சு அழுத்தினா குழி அப்படியே நிக்குது. தைலம் தேச்சுக்கிட்டே நாலு மாசம் ஓட்டிட்டாங்க. ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னு சொன்ன பிறகுதான் கூட்டிட்டுப் போனோம். கண் இமையைக் கீழ இழுத்துப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "அரிசி, சாம்பல், சாக்பீஸ்னு ஏதாவது திங்கத் தோணுமா?" நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அப்படித் தோணுறது ரத்தசோகையோட அடையாளமா இருக்கலாமாம்.

ரத்தத்துல ஆக்ஸிஜன் சுமக்கிற ஹீமோகுளோபின் 5.4. பொம்பளைங்களுக்கு 12-க்குக் கீழ போனாலே ரத்தசோகை, 8-க்குக் கீழ போனா கடுமையானது. எக்கோவுல, அதான் இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்ல, இதயம் பெருத்திருக்குன்னு வந்துச்சு.

பழைய ஃபைலைப் புரட்டினா ஆறு வருஷத்துக்கு முந்தின ரிப்போர்ட் ஒண்ணு கிடக்கு. 8.9. அன்னைக்குப் பார்த்தவங்க சொன்னது, "லேசா ரத்தம் கம்மி, பேரீச்சம்பழம் சாப்பிடுங்க." அந்த ‘லேசா’ங்கிற வார்த்தை மேலதான் எனக்குக் கோவம்.

ஒரே நாள்ல இவ்வளவு ரத்தம் போயிருந்தா ஆள் சுருண்டு விழுந்திருப்பாங்க. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா உடம்பு பழகிக்கும். ஆக்ஸிஜன் சுமக்க ஆள் குறையக் குறைய, இதயம் வேகமா அடிச்சு ஈடு கட்டும். அடிச்சு அடிச்சு ஒரு கட்டத்துல அதுவே தளர்ந்துபோகும். அதுவரைக்கும் பெரியம்மா சமைச்சாங்க, துவைச்சாங்க, மாடிக்குத் துணி தூக்கினாங்க. ஏழாவது படியில நின்னு முந்தானையைச் சரி பண்ற மாதிரி மூச்சு வாங்குவாங்க. நாங்க அதை வயசுன்னு நினைச்சோம். பெரியப்பா சோம்பல்னு நினைச்சார்.

ரத்தம் ஏத்துறதும் சுலபமா இல்ல. வேகமா ஏத்தினா இதயம் தாங்காதுன்னு சொட்டுச் சொட்டா ஏத்தி, நடுவுல நீர் பிரிய ஊசியும் போட்டாங்க. ஸ்கேன்ல கர்ப்பப்பையில கட்டி. மாசாமாசம் பத்து நாள் போய்க்கிட்டு இருந்திருக்கு. "நிக்கப்போற வயசு, அப்படித்தான் இருக்கும்"னு யாரோ சொன்னதை நம்பி வெளிய சொல்லவே இல்ல.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிப் பேருக்கு மேல இருக்கிறதாலதானோ என்னமோ, நமக்கு அது வியாதியாவே தெரியல. கர்ப்பிணின்னா இன்னும் மோசம். குழந்தை எடை குறைஞ்சு, நாள் முந்திப் பிறக்கலாம். பிரசவத்துல வழக்கமா போற ரத்தமே தாய் உயிருக்கு உலை வைக்கும். ஆம்பளைங்களும் தப்பிச்சோம்னு இருக்க வேண்டாம். அம்பது தாண்டின ஆளுக்குக் காரணமில்லாம ரத்தம் குறைஞ்சா குடல்ல எங்கயோ கசியுதான்னு பார்க்கணும், சில சமயம் அது புற்றுநோயோட முதல் தடயம்.

பீட்ரூட் பார்ட்டிங்களுக்கு ஒண்ணு: நூறு கிராம்ல இரும்பு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற சிவப்பு மாத்திரையில 60. நிறத்தைப் பார்த்து ஏமாறுறோம். ஆனா அந்த மாத்திரையைத்தான் மலம் கறுப்பாப் போகுது, வயிறு கட்டுதுன்னு ரெண்டாம் வாரமே அலமாரியில தூக்கிப் போடுறோம். கறுப்பாப் போறது இரும்போட நிறம், பயப்பட ஒண்ணுமில்ல. முழுங்கின கையோட டீ குடிச்சா பாதி வீண். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும், உடம்புல இரும்புச் சேமிப்பு நிரம்ப மூணு மாசம் தொடரணும்.

பெரியம்மா இப்ப 10.8. போன வாரம் போனப்போ முறத்தோட உட்கார்ந்திருந்தாங்க, வாய் சும்மா இருந்துச்சு. "என்னன்னு தெரியல பிள்ள, இப்ப அந்த வாசமே பிடிக்க மாட்டேங்குது."

அடுத்த எக்கோ தை மாசம்.