பெயரைப் பிடித்து வைப்பதில்தான் சிக்கல்

அமெரிக்கக் கல்லூரிகளில் சொராரிட்டி (மாணவிகள் சங்கம்) கிளைகள் மூடப்படுவதற்கு மாணவிகளின் ஆர்வக்குறைவே காரணம் என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. சேர வரும் மாணவிகள் 300 பேர், கிளைகள் 10 என்றால் கோட்டா (ஒரு கிளை சேர்க்கக்கூடிய புதியவர்களின் எண்ணிக்கை) ஏறக்குறைய 30. முன்பெல்லாம் பேர்போன கிளை சேர்க்கையின் கடைசிச் சுற்றுவரை தேவைக்கு மேல் பெயர்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை நம்பிச் சிறிய கிளைகளை உதறிய பெண்கள், கடைசியில் கழற்றிவிடப்பட்டதும் ஒன்றிலும் சேராமல் போய்விடுவார்கள். சிறிய கிளைக்கு ஆளே மிஞ்சாது.

சொராரிட்டிகளின் கூட்டமைப்பான நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸின் 'ரிலீஸ் ஃபிகர்' முறை இதைத்தான் சரிசெய்தது. அழைத்தவர்களில் எத்தனை பேர் அடுத்த சுற்றுக்குத் திரும்பி வருகிறார்கள் என்ற பழைய கணக்கை வைத்து, பேர்போன கிளைகள் முதல் சுற்றுகளிலேயே அதிகம் பேரை விடுவிக்க வேண்டும்.

ஆனாலும் 'டோட்டல்' எண்ணிக்கையை (ஒரு கிளைக்கு அனுமதித்த மொத்த உறுப்பினர் அளவு) எட்டாத கிளை, முறையான சேர்க்கை முடிந்தபின் தொடர் சேர்க்கையில்தான் பிழைக்க வேண்டும். அதை ஒரு பீட்சா மாலையோடு முடித்துவிடுவதுதான் வழக்கமான தவறு (பீட்சா தீர்ந்துவிடும், பெயர்ப் பட்டியல் மிஞ்சாது). வகுப்பு, விடுதி, விளையாட்டு என்று ஒவ்வொரு உறுப்பினரும் தெரிந்தவர்களின் பெயர்களைத் தந்து, நேரில் ஓரிருவராகப் பேசினால்தான் ஆள் சேரும். உறுப்பினர்கள் தங்க வீடு வைத்திருக்கும் கிளைக்கு அவசரம் இன்னும் அதிகம்: கட்டில் காலியானால் மற்றவர்களின் கட்டணம் ஏறும், அதைப் பார்த்து இன்னும் சிலர் விலகுவார்கள்.