ஐந்து குரங்கும் வாழைப்பழமும்: அந்தச் சோதனை நடந்ததா?

ஏணி உச்சியில் வாழைப்பழம். ஒரு குரங்கு ஏறினால் ஐந்தின் மீதும் குளிர்ந்த தண்ணீர். அதனால் ஏறுகிற குரங்கை மற்றவை அடிக்கத் தொடங்குகின்றனவாம். குரங்குகளை ஒவ்வொன்றாக மாற்றிய பிறகும், தண்ணீரே படாத புதுக் குரங்குகள் ஏறுகிறதைப் பிடித்து அடிக்கின்றனவாம். 'விஞ்ஞானிகள் நிரூபித்தது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் சோதனை நடந்ததற்குப் பதிவே இல்லை.

இதற்கு ஆதாரமாகப் பலர் காட்டுவது, 1967இல் ஸ்டீபன்சன் என்ற ஆய்வாளர் ரீசஸ் இனக் குரங்குகளிடம் செய்த ஆய்வை. அதில் ஏணி, பழம், தண்ணீர் எதுவும் கிடையாது. ஒரு பொருளைத் தொடக்கூடாது என்று தண்டித்துப் பழக்கிய குரங்கோடு, பழக்கப்படாத ஒன்றை ஜோடியாக விட்டார். ஒரு ஆண் குரங்கு தன் ஜோடியை அந்தப் பொருளிடமிருந்து இழுத்தது. வேறு இரண்டு, பயந்தபடியே முகத்தைக் காட்டி மிரட்டின. ஜோடிதான் என்பதால், கும்பலாக அடிக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

சரி, மனிதர்கள் கூட்டத்தோடு ஒத்துப்போவதில்லையா? போகிறார்கள். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ், ஒரு குழுவில் உட்காரவைத்துக் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். அவரது ஏற்பாட்டின்படி குழுவில் மற்றவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது அவர்களோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். ஆனால் இந்த ஃபார்வர்டில் வராத மறுபக்கத்தை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: கால்வாசிப் பேர் ஒருமுறைகூட வளையவில்லை. கூட ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலே, ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.