ஏனோக்கைப் படிக்கலாம், வேதமாக ஏற்கலாமா?

புதிய ஏற்பாட்டிலுள்ள யூதா நிருபத்தின் 14ஆம் வசனத்தை வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஓர் இளைஞர், “ஏனோக்கு தீர்க்கதரிசனம் உரைத்ததாக யூதா எழுதுகிறாரே, அது பழைய ஏற்பாட்டில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். ஆதாமுக்கு ஏழாம் தலைமுறையான ஏனோக்கின் பெயரில் வழங்கும் பழைய யூத நூலின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது என்பதே அதற்கு நேரான பதில். அவருக்குக் கிடைத்ததோ, “அந்தப் புத்தகங்களையெல்லாம் தொடாதே, விசுவாசம் கெட்டுப்போகும்” என்ற எச்சரிக்கை. அது என்னை மிகவும் வருத்தியது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

வேதாகமத்துக்கு வெளியே வேறொரு நூலைக் கிறிஸ்தவர்கள் வேதமாக ஏற்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கையைக் காக்கப் பிற நூல்களை மறைத்துவைக்க வேண்டும் என்று எண்ணுகிறவர்கள், தங்கள் கையிலிருக்கும் வேதாகமம் எப்படித் தொகுக்கப்பட்டது என்பதையே அறியாமல் பேசுகிறார்கள்.

சீர்திருத்தச் சபையார் 66 நூல்களை ஏற்கிறோம். கத்தோலிக்கர், நாம் தள்ளுபடி ஆகமங்கள் என்று அழைக்கும் இணைத் திருமுறை நூல்களையும் சேர்த்து 73 என்கிறார்கள். அதை 1546இல் அவர்களுடைய ஆயர்களின் பேரவையான திரிதெந்து சங்கம் உறுதிப்படுத்தியது. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபை ஏனோக்கையும் உள்ளடக்கி 81 என்று எண்ணுகிறது. இன்று நாம் வாசிக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்டவர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு, ஆண்டு 367. அதே கடிதத்தில் அவர், திருமுறையில், அதாவது வேதமாக ஏற்கப்பட்ட நூல்களின் பட்டியலில், சேராவிட்டாலும் புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்கள் வாசிக்கத் தக்கவை என்று சாலமோனின் ஞானம், சீராக், யூதித்து, தோபித்து முதலிய நூல்களையும் குறிப்பிட்டார். 1534இல் வெளிவந்த, சீர்திருத்தத் தலைவர் லூத்தரின் ஜெர்மன் வேதாகமமும் தள்ளுபடி ஆகமங்களைத் தனியே தொகுத்து, வேதத்துக்குச் சமமானவை அல்ல, எனினும் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடுதான் அச்சிட்டது. படிப்பது வேறு, அதிகாரமாக ஏற்பது வேறு என்பதில் அவர்களுக்குத் தயக்கமே இருக்கவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் 2ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவின் ஆயராக இருந்த செராப்பியோன். பேதுருவின் பெயரில் ஒரு சுவிசேஷம் தமக்குட்பட்ட ஒரு சபையில் வாசிக்கப்படுவதை அறிந்தபோது, முதலில் அவர் அனுமதி கொடுத்தார். பிறகு சந்தேகம் எழவே, அந்த நூலைத் தேடி வாங்கித் தாமே படித்தார். பெரும்பகுதி மெய்யான உபதேசத்தோடு ஒத்திருந்தாலும் சில இடங்களில் வேறு உபதேசம் கலந்திருப்பதைக் கண்டு, அவற்றை எடுத்துக்காட்டிச் சபைக்கு எழுதினார். படித்த பிறகுதான் விலக்கினார். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு பொறுப்போடு ஒரு நூலை மறுக்கிறோம்?

அப்படிப் படித்துப் பார்த்தால் வேறுபாடு தானே தெரியும். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாடியில் முழுமையாகக் கிடைத்த தோமாவின் சுவிசேஷம் 114 வாக்குகளைக் கொண்டது. அதில் சிலுவைப்பாடும் இல்லை, காலியான கல்லறையும் இல்லை. கடைசி வாக்கில் சீமோன் பேதுரு, பெண்கள் ஜீவனுக்குத் தகுதியற்றவர்கள், ஆகவே மரியாள் நம்மைவிட்டுப் போகட்டும் என்கிறார். இயேசுவோ, அவளை ஆணாக்குவேன் என்று பதில் சொல்கிறார். இதை வாசித்த கையோடு யோவான் 20ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அங்கே கல்லறையருகே அழுதுகொண்டு நிற்கும் மகதலேனா மரியாளை ஆண்டவர் பெயர் சொல்லி அழைக்கிறார். உயிர்த்தெழுந்த செய்தியைச் சீஷர்களிடம் கொண்டுபோகும்படி அவளையே அனுப்புகிறார். அவள் பெண்ணாகவே அனுப்பப்பட்டாள். இவ்விரண்டையும் ஒரே நாளில் வாசித்த எனக்கு, எது அவரை அறிந்தவர்களின் சாட்சி என்பதில் ஐயம் எழவில்லை.

புதிய வேதங்களை மறுக்க வெளிப்படுத்தல் 22:18ஐ எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்த வசனம் தான் இடம்பெற்ற அந்த ஒரு புத்தகத்தைப் பற்றியே பேசுகிறது. உபாகமம் 4:2இலும் இதே போன்ற எச்சரிக்கை உண்டு, அதற்குப் பிறகும் தீர்க்கதரிசிகள் எழுதினார்கள். மெய்யான காரணம் எபிரெயர் முதல் அதிகாரத்தில் இருக்கிறது: முற்காலத்தில் பலவிதமாகப் பேசிய தேவன், இந்தக் கடைசி நாட்களில் குமாரன் மூலமாகப் பேசினார். அந்தக் குமாரனைக் கண்டவர்களின் சாட்சியும் அவர்களைச் சார்ந்து எழுந்த சாட்சியுமே புதிய ஏற்பாடு. எனவே 1830இல் ஜோசப் ஸ்மித், தேவதூதன் காட்டியதாகச் சொல்லி வெளியிட்ட, மார்மன் சபையார் வேதமாக ஏற்கும் மார்மன் நூலை, அதை நம்புகிறவர்களின் பக்தியை மதித்தபடியே, என்னால் ஏற்க முடியவில்லை. தேவதூதன் காட்டியது என்பது போதிய சான்றாகாது. வானத்திலிருந்து வரும் தூதன் சொன்னாலும் வேறொரு சுவிசேஷத்தை ஏற்கவேண்டாம் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார்.

ஏனோக்கைப் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. பவுல் அத்தேனேயில் கிரேக்கப் புலவரின் வரியை எடுத்தாண்டார், அதனால் அந்தக் கவிதை வேதமாகிவிடவில்லை என்று சொல்லலாம். ஆனால் யூதா வெறுமனே மேற்கோள் காட்டாமல் ‘தீர்க்கதரிசனம்’ என்றே சொல்கிறார். இதைக் கொண்டே ஆதித் திருச்சபையின் எழுத்தாளரான தெர்த்துல்லியன் ஏனோக்கின் நூலுக்காக வாதாடினார். ஒரு வாக்கு மெய்யானது என்பதால் அது இடம்பெற்ற நூல் முழுவதும் தேவவாக்கு ஆகாது என்பதே என் முடிவு. எனினும் மாற்றுக் கருத்துடையவரை விசுவாசமற்றவர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அந்த இளைஞரிடம் பிறகு தனியே பேசினேன். வரும் வாரம் யூதா நிருபத்தையும் ஏனோக்கின் முதல் அதிகாரத்தையும் அருகருகே வைத்து இருவரும் சேர்ந்து வாசிப்பதாக இருக்கிறோம். கூட்டத்திலிருந்து வேறு யாராவது வர விரும்பினால் அவர்களுக்கும் இடமுண்டு.