கையில் பிடித்துப் பார்க்காமல் கிட்டார் வாங்காதீர்கள்

வேலூரில் யாராவது எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் நான் முதலில் மாடல் பெயரைக் கேட்பதில்லை. கையில் பிடித்துப் பார்த்தாயா என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வருகிறது. "யூடியூப்ல பார்த்தேன் அக்கா, சவுண்டு சூப்பரா இருக்கு" என்கிறார்கள். அந்த சவுண்டில் கிட்டாரின் பங்கு கொஞ்சம்தான். வாசிக்கிறவரின் விரல், அவருடைய ஆம்ப் (சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்), ரெக்கார்டிங்கில் சேர்த்த எஃபெக்ட் எல்லாம் கலந்து நம் செல்போன் ஸ்பீக்கர் வழியாக வந்து சேர்கிறது. அதை நம்பி முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று போடுவதற்கு எனக்கு மனசே ஒப்பவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நானும் இப்போது அந்த ஆசையில்தான் இருக்கிறேன். சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பல வருஷமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். அது போதும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குப் போதவில்லை. ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் மாடல் வடிவத்தில், பட்டர்ஸ்காட்ச் நிறத்தில், கீறல் விழாமல் உடலைக் காக்கும் கறுப்பு பிக்கார்டு தகடு போட்ட ஒன்று வேண்டும். அந்த மஞ்சளுக்குள்ளே மரத்தின் வரி ஓடுவது தெரிய வேண்டும். சீட்டுப் பணம் வந்ததும் அதில் 45,000 ரூபாயை இதற்கென்று எடுத்து வைப்பதாக வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று. அவரும் சரி என்றுவிட்டார். ஆனால் "ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்று கேட்பவர்கள் ஓயவில்லை. நாலு ஆரணிப் பட்டு இருக்கிற பீரோவில் ஐந்தாவதை வைக்கும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அதுவும் இவை இரண்டும் ஒரே வாத்தியமே கிடையாது. அக்கூஸ்டிக்கில் தந்தியின் அதிர்வு மேல்பலகைக்குப் போய், அந்தப் பலகை காற்றை அசைத்துச் சத்தம் தருகிறது. எலக்ட்ரிக்கில் இரும்புத் தந்தி காந்தத்துக்கு மேலே அதிர்கிறது. காந்தத்தைச் சுற்றியுள்ள செம்புக் கம்பிச் சுருளில் அதனால் மின்சாரம் பிறக்கிறது. காந்தமும் சுருளும் சேர்ந்த இந்தப் பகுதிக்குத்தான் பிக்கப் என்று பெயர். அந்தத் துளி மின்சாரத்தைப் பெரிதாக்கித் தருவது ஆம்ப். ஆக, ஆம்ப் என்பது வாத்தியத்தில் பாதி. இருக்கிற பணம் முழுவதையும் கிட்டாரில் கொட்டிவிட்டு, ஆம்ப்புக்கு மட்டும் கிடைத்ததை வாங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். என் 45,000இல் மூன்றில் ஒரு பங்கு ஆம்ப்புக்கு. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

டெலி, அதாவது டெலிகாஸ்டர், ஏன் என்று கேட்டால், என் ஆசை ஆரம்பித்தது அங்கே இல்லை. முதலில் ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஸ்ட்ராட்டோகாஸ்டர், அந்தச் சிவப்பு ஸ்ட்ராட்தான் கண்ணில் நின்றது. அதன் வளைவும், மூன்று பிக்கப்பும், கையால் அழுத்தினால் சுரம் அலைபாயும் அந்த ட்ரெமலோ கம்பியும் யாரைத்தான் இழுக்காது? காத்திருந்த காலத்தில்தான் எனக்கு என்ன வேண்டும் என்று தெளிந்தது. காசு உடனே கையில் இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். ஆசையோடு காத்திருப்பதைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. எனக்கு அது நல்ல வாத்தியார்.

லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனாலோ என்னவோ, பழுது பார்க்கிறவர் கண்ணால் ஒரு கிட்டாரைச் செய்தார். 1950இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்தது. கிரெட்ச் நிறுவனம் ஏறக்குறைய அதே பெயரில் டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்ததால் பெயரை மாற்ற வேண்டி வந்து, 1951இல் டெலிகாஸ்டர் ஆனது. நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, உடலோடு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார். கழற்றலாம், வேறு நெக் மாட்டலாம். இரண்டு பிக்கப், ஒரு சுவிட்ச், இரண்டு குமிழ், உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் அசையாத பிரிட்ஜ், அவ்வளவுதான். கிட்டார் ரிப்பேருக்கென்று ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிற எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் மாடல் அழகு, ஒப்புக்கொள்கிறேன். 1952இலிருந்து இருக்கிறது, அந்தக் கனத்த குரல் வேறு எதிலும் வராது. ஆனால் தலைப்பக்கம் பின்னால் சாய்ந்திருப்பதால், கீழே விழுந்தால் நெக் உடைகிற இடம் அங்கேதான். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குச் சாயங்கால டவுன் பஸ்ஸில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

மேடையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள். என் சித்தப்பா மகன் ஒரு லைட் மியூசிக் ட்ரூப்பில் கீபோர்டு வாசிக்கிறான். குடியாத்தம், ஆம்பூர் பக்கம் திருவிழாக் கச்சேரி என்றால் ஆள் குறையும்போது என்னையும் கூப்பிடுவான். அங்கே மேடைக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர், தலைக்கு மேலே டியூப்லைட், சுற்றிலும் சீரியல் செட். சிங்கிள் காயில் பிக்கப் போட்ட கிட்டாரை அங்கே மாட்டினால் பாட்டு தொடங்குவதற்கு முன்பே 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் ஆரம்பித்துவிடும். கம்பிச் சுருள் ஒன்றே ஒன்று என்பதால் தந்தியின் அதிர்வைப் பிடிப்பதுபோலவே சுற்றிலும் இருக்கிற மின்சார இரைச்சலையும் பிடித்துக்கொள்கிறது. நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் இரைச்சல் நன்றாகக் குறையும். அந்தக் கோணத்தில் நின்றால் சில நேரம் ஜனங்களுக்கு முதுகைக் காட்ட வேண்டி வரும்.

இதற்குத்தான் கிப்சனில் இருந்த செத் லவர் 1955இல் ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினார். இரண்டு சுருள். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வேலை செய்யும்படி இணைத்து, காந்தத்தின் துருவத்தையும் மாற்றி வைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் சேர்ந்துகொள்ளும். அவரே பின்னாளில் ஃபெண்டருக்கு வந்து செய்த ஹம்பக்கர்தான் 1972இல் வந்த டெலிகாஸ்டர் கஸ்டமில் நெக் பக்கம் இருக்கிறது. பிரிட்ஜ் பக்கம் பழைய சிங்கிள் காயில் அப்படியே. என் மனசு இப்போது அந்த வகைக்கும் சாதா டெலிக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கிறது. சர்ச்சில் பாடலுக்குப் பின்னால் பளிச்சென்று சுத்தமாக ஒலிக்க சாதா டெலி போதும். திருவிழா மேடைக்கு மற்றது வேண்டும்.

இன்னொன்று. எர்த் சரியில்லாத மேடையில் கிட்டார் தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். இதற்கு எந்தப் பிக்கப்பும் மருந்து கிடையாது. பாடிக்கொண்டே வாசிக்கிற பிள்ளைகள் சவுண்டு சர்வீஸ்காரரிடம் முதலில் எர்த்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், இது உயிர் விஷயம்.

சரி, நெக்குக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் எலக்ட்ரிக் கிட்டாரைத் தேர்ந்தெடுப்பது என்றால் நெக்கைத் தேர்ந்தெடுப்பதுதான். பிக்கப்பை மாற்றலாம், தந்தியை மாற்றலாம், ஆம்ப்பை மாற்றலாம். மணிக்கணக்கில் உங்கள் உள்ளங்கையில் கிடக்கப் போவது அந்த மரம். சிலது தடிமனாக இருக்கும், சிலது தட்டையாக இருக்கும். என் கை சின்னது. தடித்த நெக்கில் கொஞ்ச நேரம் பார் கார்டு (ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்துவது) பிடித்தாலே கட்டைவிரல் அடியில் வலி வந்துவிடும். அதே நெக் கை பெரிதாக இருக்கிறவர்களுக்கு சுகமாக இருக்கலாம். இதை எந்த ரிவ்யூவும் எனக்காகச் சொல்லிவிட முடியாது.

நீளமும் பார்க்க வேண்டும். டெலியிலும் ஸ்ட்ராட்டிலும் தந்தி நீளம் 25.5 அங்குலம், லெஸ் பாலில் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஒரே தந்தி, ஒரே சுருதி என்றால் நீளம் குறைந்ததில் இழுவிசையும் குறைவு, தந்தியை வளைத்து இழுப்பது எளிது. நம் பாட்டுகளில் சுரத்தை அப்படியே நிறுத்தி வைக்க முடியாது, அசைத்துத்தானே ஆக வேண்டும்? எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிற பிரசன்னா நம்ம ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். நெக்கின் மேல் ஃப்ரெட் என்ற உலோகக் கட்டைகள் போட்ட வாத்தியத்தில் கமகம் வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அவர் வாசிப்பைக் கேளுங்கள். தந்தி வளைவதும் விரல் வழுக்கிப் போவதும் எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

கடையில் என்ன செய்வேன் என்று கேட்ட பிள்ளைகளுக்காக இது. ஆம்ப்பில் மாட்டுவதற்கு முன்னால் வெறுமனே வாசிப்பேன். எந்தத் தந்தியும் எந்த ஃப்ரெட்டிலும் இரையக் கூடாது, அதனால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பேன். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டுவேன். ஃப்ரெட்டின் முனை ரம்பப் பல் மாதிரி உறுத்தினால் அந்த மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். குளிர்ந்த ஏசி கடையில் லேசாக உறுத்துவதே நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் வெளியே துருத்தலாம். அப்புறம் ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் உடலோடு நெக் சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு நடுவில் பார்ப்பேன். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் தந்திக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் நெக்குக்குள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை ஆலன் கீ போட்டு லேசாகத் திருப்பச் சொல்ல வேண்டும். கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலை வெறுமனே தொட்டு எழுப்புகிற மணி ஒலியும், அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிக்கும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் பார்ப்பேன். விலகியிருந்தால் பிரிட்ஜில் சரிசெய்யலாம். அதை அங்கேயே செய்து காட்டாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

பெங்களூரில் ஒரு கடைக்குத் தம்பியோடு போயிருந்தேன். கேட்டது நான். கடைக்காரர் கிட்டாரை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவனுக்கு ஒரு கார்டுகூடத் தெரியாது. வாங்கி என்னிடம் தந்தான். வாசித்துக் காட்டினேன், அதற்குப் பிறகும் விலையை அவனிடம்தான் சொன்னார். பெண்கள் வாங்க வருவதில்லை என்று நினைக்கிறவர்கள் கடை வாசலில் யாரை எப்படி வரவேற்கிறோம் என்று யோசிக்கட்டும். நான் அங்கே வாங்கவில்லை.

சென்னைக்குப் போவதுதான் இப்போதைய திட்டம். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சம். அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் 1842இலிருந்து இருக்கிறது. அங்கே தொடங்கி இரண்டு மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். வேலூரில் இவ்வளவு காலேஜ், இவ்வளவு சர்ச், இவ்வளவு கச்சேரி இருந்தும், நாலு எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் மாட்டி நிதானமாக வாசித்துப் பார்க்க நூற்று முப்பது கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. ஆன்லைனில் வாங்குகிற பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனசு வராததற்குக் காரணம் இதுதான். அப்படித்தான் வாங்குவேன் என்றால், அதே மாடலை வைத்திருக்கும் யாரையாவது தேடிப் பிடித்து ஒருமுறை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. கிட்டார் ஃப்ரெட்போர்டுக்கு (ஃப்ரெட்டுகள் பதித்த மேல்பலகைக்கு) நிறையப் போகிற இந்தியன் ரோஸ்வுட் நம்ம ஈட்டி மரம்தான். 2017இல் ரோஸ்வுட் பேரினம் முழுவதற்கும் சர்வதேச வணிகக் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு கொடுத்தார்கள். இதற்கிடையே விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இந்தியன் லாரல் என்று போட ஆரம்பித்தார்கள். அது நம்ம கருமருது. லாரல் என்றால் மட்டம் என்று முகம் சுளிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நன்றாகக் காய வைத்த கருமருது உறுதியான மரம். ஃப்ரெட்போர்டுக்கு நான் மேப்பிள் மரம் கேட்பது அதன் நிறத்தின் மேலுள்ள ஆசைக்காக மட்டும்தான்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம் பக்கம் யாரிடமாவது டெலி வடிவக் கிட்டார் இருந்தால், சாதா வகையோ நெக்கில் ஹம்பக்கர் போட்டதோ எதுவானாலும், அரை மணி நேரம் வாசிக்கக் கொடுப்பீர்களா? கேபிளும் ட்யூனரும் நானே கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மதியத்துக்கு மேல் எங்கே வரச் சொன்னாலும் வருவேன். இன்பாக்ஸில் சொல்லுங்கள்.